புல்மோட்டை மணலும் மனித இதயமும்: கதிர்வீச்சு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோணேசர் கோயிலையும் இயற்கைத் துறைமுகத்தையும் முதலிற் கூறுதல் மரபு. போத்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இத்துறையை நாடி வந்தமையும், 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கியமையும், 1957இல் ஆங்கிலேயரின் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டமையும் பள்ளிச் சிறாரும் அறிந்த செய்திகள். அதே 1957ஆம் ஆண்டில் இம்மாவட்டத்தோடு தொடர்புடைய மற்றொரு நிகழ்ச்சியும் நடைபெற்றது. நகருக்கு வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று அப்பாலுள்ள புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலைப் பயன்கொள்ளும் பொருட்டுக் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. முன்னைய நிகழ்ச்சியைக் கூறும் நூல்கள் பல. பின்னையதைக் கூறுவன சில.

அக்கருமணலில் ஒரு சிறு கூறு கதிர் வீசும் இயல்புடையது. கதிர்வீச்சு என்றவுடன் புற்றுநோய் பற்றிய அச்சமே மக்கள் மனத்தில் எழுகின்றது. இதயத்துக்கு யாது நேரும் என வினவுவார் அரியர். அதற்காக மக்களைக் குறை கூறுதல் பொருந்தாது. மருத்துவ உலகமே இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுவதும், அதன் பின்னுஞ் சில காலம், இதயத்தைக் கதிரால் எளிதில் ஊறுபடாத உறுப்பென எண்ணியிருந்தது. அவ்வெண்ணம் எவ்வாறு எழுந்தது, எவ்வாறு வீழ்ந்தது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதனை வீழ்த்திய கருவிகளுள் நுணுக்குக்காட்டி ஒன்று. பல்லாண்டு பேணப்பட்ட பதிவேடு மற்றொன்று. இரண்டாவது கருவியின் சிறப்பு ஈண்டு விரித்துரைக்கப்படும்.

தோரியமும் இலங்கையும்

புல்மோட்டை மணலிற் பெரும் பங்கு இல்மனைற்று என்னுங் கனியம். வெண்ணிறப் பூச்சுக்களுக்கு வேண்டிய தைத்தேனியம் இதிலிருந்து பெறப்படுகின்றது. உரூத்தைல், சிர்க்கன் ஆகியனவும் இம்மணலிற் கலந்துள்ளன. இவற்றோடு நூற்றுக்கு ஒன்றிலும் குறைந்த அளவில் மொனசைற்று என்னும் மஞ்சட் கனியமும் உண்டு. மொனசைற்றில் தோரியம் என்னும் மூலகம் அடங்கியிருக்கின்றது. தோரியம் தானே சிதைந்து கதிர் வீசுவது. அதன் அளவு பாதியாகக் குறைதற்கு ஏறத்தாழ 1400 கோடி ஆண்டுகள் செல்லும். அஃதாவது மலைப்பாறைகள் சிதைந்து ஆற்றுவழியே கடலை அடைந்து, அலைகளாற் கரையில் ஒதுக்கப்பட்ட நெடுங்காலத்திலும் அதன் கதிர்வீச்சு ஓயவில்லை.

தோரியத்தின் வரலாற்றில் இலங்கைக்கு ஒரு சிறப்பிடம் உண்டு. 1898இல் மேரி கியூரி அம்மையாரும் யேர்மனியரான ஷிமிற்றும் தோரியம் கதிர் வீசுவதைத் தனித்தனியே கண்டறிந்தனர். ஆறாண்டுகள் கழித்து, 1904இல், சப்பிரகமுவப் பகுதியின் இரத்தினக்கற் படிவுகளிற் கன சதுர வடிவான கரிய கனியமொன்று ஹொலண்ட் என்பாரின் கண்ணிற்பட்டது. அக்காலத்தில் இலங்கைக் கனிய அளவைப் பகுதியின் தலைவராக விளங்கியவர் ஆனந்த குமாரசுவாமி ஆவார். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரும், பிற்காலத்திற் சிவனின் ஆனந்த நடனத்தின் உட்பொருளை மேலைநாட்டார்க்கு விளக்கிப் புகழ் பெற்றவருமான அவ்வறிஞர், முதலில் நிலநூல் வல்லுநராகவே நாட்டுக்குத் தொண்டாற்றினார் என்பதை நம் மாணவர் பலர் அறியார். அக்கனியம் அவர் பார்வைக்கு வந்தது, இலண்டனுக்கும் அனுப்பப்பட்டது. ஆங்கு அதிலே தோரியம் மிகுந்திருத்தல் கண்டு தோரியனைற்று எனப் பெயரிட்டனர்.

இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெறப்பட்ட உப்பொன்று இலண்டனிற் பேராசிரியர் இராம்சேயின் ஆய்வுகூடத்தை அடைந்தது. ஆங்குப் பயில வந்திருந்த யேர்மானிய இளைஞர் ஒற்றோ ஹான் அதனை ஆராய்ந்து, 1905இல் இரேடியோத்தோரியம் என்னும் புதிய கதிர்வீசு பொருளைக் கண்டார். இரசாயனத்தில் வேறு துறையை மேற்கொள்ளவிருந்த அவரைக் கதிர்த்தொழிற்பாட்டு ஆராய்ச்சியின்பால் ஈர்த்தது இக்கண்டுபிடிப்பே. அவரே 1938ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்ராஸ்மனுடன் கூடி யுரேனிய அணு பிளவுறுதலைக் கண்டறிந்தவர். அணுப்பிளவின் வழியே 1945இல் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்தன. சப்பிரகமுவ ஆற்றுப் படிவிலிருந்து எடுத்த கருங்கல் உலக வரலாற்றின் இத்துணைப் பெரிய நிகழ்ச்சித் தொடரில் ஒரு கண்ணியாக அமைந்தமை சிந்திக்கத்தக்கது.

தோரியம் அன்றாட வாழ்விலும் இடம்பெற்றிருந்தது. ஒஸ்திரியரான கால் அவுவர் என்பார் 1891இல் தோரியவொட்சைட்டுடன் நூற்றுக்கு ஒரு பங்கு சீரியவொட்சைட்டைச் சேர்த்து, தீயில் வெண்ணொளி வீசும் விளக்கு வலையை ஆக்கினார். மின்சாரம் எட்டாத ஊர்களிற் கலியாண வீட்டுப் பந்தரிலும் கோயில் திருவிழாவிலும் இரவு மீன்பிடிப்பிலும் ஒளி தந்த பெற்றோமக்ஸ் விளக்கின் வலை இத்தகையதே. வலைக்கு வேண்டிய தோரியத்தைத் தேடியே ஐரோப்பிய வணிகர் மொனசைற்று மணலை நாடினர். திருவிதாங்கூரிலிருந்து யேர்மனிக்குச் சென்ற தென்னந்தும்பில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்த ஷொம்பேர்க் என்பார், 1909இல் மணவாளக்குறிச்சிக் கரையில் மொனசைற்று இருத்தலைக் கண்டார். ஈழத்துக் கீழ்க்கரையும் தென்னிந்தியத் தென்கோடியும் இவ்வாறு ஒரே கனியத்தால் தொடர்புற்றவை.

தாங்கும் உறுப்பு என்ற கொள்கை

1895இல் றொன்ற்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். மறு ஆண்டிற் பெக்கரல் யுரேனியத்தின் கதிர்வீச்சைக் கண்டார். புதிய கதிர்கள் தோலைச் சுடுதலும் மயிரை உதிர்த்தலும் விரைவில் தெரியவந்தன. இதயத்தின் மீது எக்ஸ் கதிரின் செயல் பற்றி 1897இலேயே பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் ஒரு குறிப்பு வெளிவந்தது. ஆயினும் அத்துறையில் ஆராய்ச்சி வளரவில்லை. காரணம், 1906இல் எழுந்த ஒரு விதியாகும்.

பிரான்சிய அறிஞர்களான பேர்கோனியேயும் திரிபோந்தோவும் எலிகளின் விரைகளைக் கதிருக்கு உட்படுத்தி ஆராய்ந்து, விரைந்து பிரியுங் கலங்களும் முதிர்ச்சியடையாத கலங்களும் கதிரால் மிகுதியாகத் தாக்குறும் என வகுத்தனர். குருதியை ஆக்கும் என்புமச்சைக் கலங்களும், குடலின் உட்சுவர்க் கலங்களும், புற்றுநோய்க் கலங்களும் இவ்விதிக்கு நன்கு பொருந்தின. புற்றுநோயைக் கதிராற் குணப்படுத்தும் முறைக்கும் இவ்விதி அடிப்படையாயிற்று.

இவ்விதியை இதயத்துக்கு ஏற்றினால் என்ன முடிவு கிடைக்கும்? இதயத் தசைக் கலம் முதிர்ந்து தன் தொழிலில் நிலைபெற்ற கலம். பிரிவது மிக அரிது. ஆகவே இதயம் கதிரைத் தாங்கும் உறுப்பென்பது தருக்கத்தால் தானே பெறப்பட்டது. விலங்குகளுக்குப் பேரளவான கதிரைச் செலுத்தி உடன் அறுத்துப் பார்த்தோரும் தசையிற் பெருங்கேடு காணவில்லை. நூல்கள் அக்கொள்கையை வழிமொழிந்தன, மாணவர் கற்றனர், கற்றவர் ஆசிரியராகி அதனையே கற்பித்தனர். தருக்கத்தில் வழு இல்லை. ஆனால் இதயத்திலுள்ள கலங்கள் தசைக் கலங்கள் மட்டுமல்ல என்பது மறக்கப்பட்டது. உடன் காணப்படாத கேடு பின்னரும் தோன்றாது என்றுங் கொள்ளப்பட்டது.

நோய் நீங்கியோர் வெளிப்படுத்திய உண்மை

இக்கொள்கையை அசைத்தது ஒரு மருத்துவ வெற்றியே. ஹொட்ஜ்கின் நோய் எனப்படும் நிணநீர்க்கணுப் புற்றுநோய் இளவயதினரையும் தாக்குவது. முற்காலத்தில் இந்நோயுற்றோரிற் பலர் சில ஆண்டுகளில் இறந்தனர். 1956இல் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் கப்லான் நேர்கோட்டு ஆர்முடுக்கிப் பொறியைக் கொண்டு கதிர்ச் சிகிச்சையைத் தொடங்கினார். பின்வந்த ஆண்டுகளில் இந்நோயுற்றோர் பெருந்தொகையினராகக் குணமடைந்தனர். நெஞ்சின் நடுவேயுள்ள கணுக்களுக்குச் செலுத்திய கதிர் இதயத்தினூடாகவுஞ் சென்றது. புற்றுநோய் நீங்கி வாழ்ந்தோரிற் சிலர்க்கு இதயத்தைச் சூழ்ந்த சவ்வு தடித்தது. அதனுள் நீர் கோத்தது. வேறு காரணம் புலப்படாத இளைஞர்க்கும் மாரடைப்பு நேர்ந்தது. முன்னைய நோயாளர் இதயக் கேடு வெளிப்படும் வரை வாழ்ந்திலர். ஆகலின் அக்கேடு எவர் கண்ணிலும் படவில்லை.

ஸ்ரான்போட் மருத்துவர்கள் 1967, 1968ஆம் ஆண்டுகளில் இந்நோயாளரைப் பற்றிய விவரங்களை வெளியிட்டனர். தொடர்ந்து, அவர்களுள் நோயியலறிஞர் பஜார்டோவும் கதிர் மருத்துவர் ஸ்ருவேட்டும் முயல்களின் இதயத்துக்குக் கதிர் செலுத்திக் காலமுறைப்படி ஆராய்ந்தனர். அவர்கள் மூன்று கட்டங்களைக் கண்டனர். கதிர்பட்ட சில மணி நேரத்துள் அழற்சி தோன்றியது; ஓரிரு நாளில் அது தணிந்தது. அதன்பின் இரண்டு மாதங்களுக்கு மேல் யாதும் நிகழாதது போல் இருந்தது. சாதாரண நுணுக்குக்காட்டியில் தசை நலமாகவே காணப்பட்டது. அதற்குப் பின்னர்த் தசைநார்களுக்கிடையே கடினமான நாரிழையம் பரவி, விலங்குகள் இறக்கத் தொடங்கின.

அமைதியான இடைக்காலத்தில் நிகழ்ந்ததை இலத்திரன் நுணுக்குக்காட்டி வெளிப்படுத்தியது. தசைக் கலங்களுக்கு உணவூட்டும் மயிர்க்குழாய்களின் உட்சுவர்க் கலங்கள் வீங்கியும் சிதைந்தும் போயின. குழாய்களின் வழி அடைபட்டது. குழாய்களின் தொகையும் குறைந்தது. முந்திய ஆய்வாளர் மிக முன்னதாகவே பார்த்து, கேடில்லை என எழுதிவிட்டனர் என்பது இதனால் விளங்கியது.

கலத்தினுள் நிகழ்வன

கதிர் கலத்தை எவ்வாறு தாக்குகின்றது என்பதை இனி நோக்குவாம். உயர்சத்தியுடைய கதிர் கலத்தினூடாகச் செல்லும்போது அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பெயர்க்கின்றது. இதுவே அயனாக்கம். கலத்தின் பெரும்பகுதி நீராதலால், நீர் மூலக்கூறுகள் உடைந்து ஐதரொட்சில் மூலிகம் போன்ற தாக்குதிறன் மிக்க துணிக்கைகள் தோன்றுகின்றன. அவை அருகிலுள்ள புரதத்தையும் கொழுப்பையும் பரம்பரைப் பொருளான டி. என். ஏ. இழையையும் தாக்குகின்றன. கதிர் நேரே அவ்விழையை அறுத்தலும் உண்டு. முறுக்கிய ஈரிழைகளுள் ஒன்று அறுந்தாற் கலம் எளிதிற் செப்பனிடும். இரண்டும் ஓரிடத்தில் அறுபடின் செப்பனிடுதல் கடினம். பிழைபடப் பொருத்துதலும் நேரும்.

இதயத் தசைக் கலம் ஓயாது உழைப்பது. அதன் கனவளவில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை இழைமணிகள் நிறைத்துள்ளன. ஒட்சிசனைக் கொண்டு உணவிலிருந்து சத்தியைப் பெறுவன அவையே. கதிரால் இழைமணிகள் கேடுற்றாற் சத்தி குறையும். தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் துணிக்கைகள் மேலும் பெருகும். கதிர் ஒரு கணத்தில் நின்றுவிடினும் அதனால் எழுந்த உட்கலகம் நெடுநாள் தொடர்தற்கு இஃது ஒரு காரணமாகும்.

மயிர்க்குழாயின் சுவரோ ஒரு கலத்தின் தடிப்பே உடையது. அவ்வுட்சுவர்க் கலம் தசைக் கலத்தைப் போலன்றி, வேண்டும்போது பிரியும் ஆற்றலுள்ளது. கதிர்பட்டவுடன் அக்கலத்தின் மேற்பரப்பில் வெண்குருதிக் கலங்களைப் பற்றி இழுக்கும் புரதங்கள் தோன்றுகின்றன, அழற்சி மூளுகின்றது. வழுவழுப்பான சுவரிற் குருதி உறையும் இயல்பு மிகுகின்றது. கேடுற்ற கலங்கள் பிரிய முயன்று மடிகின்றன. குழாய் ஒவ்வொன்றாக அடைபட, அவற்றை நம்பி வாழுந் தசைக் கலங்கள் ஒட்சிசனின்றி நலிகின்றன. குளம் நிறைந்திருப்பினும் வாய்க்கால் தூர்ந்தால் வயல் வாடுமன்றோ? அத்தகையதே இந்நிலை.

மடிந்த தசைக் கலத்தின் இடத்தை நிரப்ப வருவன நார்க் கலங்கள். அவை கொலாசன் என்னும் நாரைப் பெருக்குகின்றன. நார் சுருங்கி விரியாது; ஆகவே இதயச் சுவர் விறைத்து, குருதியை ஏற்கும் ஆற்றலை இழக்கின்றது. இதே செயல்முறை சுற்றுச் சவ்வை இறுக்குகின்றது, வால்வுகளைத் தடிப்பிக்கின்றது, துடிப்பைக் கடத்தும் இழையங்களைப் பழுதாக்குகின்றது. இதயத்துக்குக் குருதி கொடுக்கும் முடியுரு நாடிகளின் உட்சுவர் கேடுறுமிடத்துக் கொழுப்புப் படிதல் விரைவுபடுகின்றது. புகைபிடித்தல், உயர் குருதியமுக்கம், நீரிழிவு ஆகியன உடனிருப்பின் இடர் மேலும் மிகும்.

தசைக் கலம் மடிந்தால் அதற்கு ஈடு உண்டோ என்னும் வினாவுக்கு விடை அளித்ததும் கதிர்வீச்சே. 1963ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு முன் வல்லரசுகள் வளிமண்டலத்தில் வெடித்த அணுகுண்டுகளாற் காற்றிலுள்ள காபன்-14இன் அளவு ஏறத்தாழ இருமடங்காயிற்று. பயிர் வழியாகவும் உணவு வழியாகவும் அது மனிதரின் கலங்களிற் புகுந்தது. கலம் தோன்றிய காலத்துக் காற்றின் அளவு அதன் டி. என். ஏ. இழையிற் பதிவாகி இருக்கும். சுவீடன் நாட்டுக் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர் 2009இல் அதனை அளந்து, இருபத்தைந்து வயதில் ஆண்டொன்றுக்கு இதயத் தசைக் கலங்களில் நூற்றுக்கு ஒன்று மட்டுமே புதிதாக ஆக்கப்படுகின்றது எனவும், எழுபத்தைந்து வயதில் அஃது அரைப்பங்கிலும் குறைகின்றது எனவும் காட்டினர். வாழ்நாள் முழுவதிலும் பாதிக் கலங்கள்கூடப் புதுப்பிக்கப்படுவதில்லை. பிரியாமையே இதயத்துக்குப் பாதுகாப்பு என்று 1906இன் விதியைக் கொண்டு கூறினர். பிரியாமையே அதன் குறையுமாகும் என்பது நூறாண்டின் பின் தெளிவாயிற்று.

பதிவேடுகளின் சாட்சியம்

முயலில் இரண்டு மாதத்திற் புலப்படுவது மனிதரில் இருபது ஆண்டின் பின்னரும் புலப்படலாம். இத்துணை நெடிய கால இடைவெளியைத் தனி மருத்துவர் ஒருவராற் கண்காணித்தல் அரிது. ஆகவே பதிவேடுகளே துணையாயின.

ஸ்ரான்போட்டிற் சிகிச்சை பெற்ற 2,232 ஹொட்ஜ்கின் நோயாளரின் பதிவுகள் 1993இல் ஆராயப்பட்டன. அவர்களுள் 88 பேர் இதய நோயால் இறந்திருந்தனர். ஒத்த வயதினரான பொதுமக்களில் எதிர்பார்க்கப்படுவதைவிட இது மூன்று மடங்காகும்.

ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் உயிர்தப்பியோரை 1950 முதல் தொடர்ந்து கண்காணித்து வந்துள்ளனர். குண்டு வெடித்த கணத்தில் எவர் எங்கே நின்றார், இடையே எத்தகைய சுவர் இருந்தது என்பனகூட வினவி எழுதப்பட்டன. அவற்றைக் கொண்டு ஒவ்வொருவரும் ஏற்ற கதிரின் அளவு கணிக்கப்பட்டது. 86,611 பேரின் 2003 வரையான விவரங்களைக் கொண்ட ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஒரு கிரே அளவு கதிருக்கு இதய நோய் இறப்பு நூற்றுக்கு 14 பங்கு மிகுதல் அதனாற் பெறப்பட்டது. கிரே என்பது ஒரு கிலோகிராம் இழையம் ஒரு யூல் சத்தியை ஏற்கும் அளவாகும்.

மூன்றாவது சாட்சியம் சுவீடன், டென்மார்க் நாடுகளுக்கு உரியது. 1958 முதல் 2001 வரை மார்புப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்ற பெண்கள் 2,168 பேரின் மருத்துவமனை ஏடுகளை ஒக்ஸ்போட் அறிஞர் சாரா டார்பி அம்மையாரும் பிறரும் ஆராய்ந்து 2013இல் முடிவு வெளியிட்டனர். இடமார்பிற் கதிர் பெற்றோரின் இதயம் சராசரியாக 6.6 கிரேயும், வலமார்பிற் பெற்றோரின் இதயம் 2.9 கிரேயும் ஏற்றிருந்தன. இதயம் ஏற்ற ஒவ்வொரு கிரேக்கும் முடியுரு நாடி நோயின் பெருநிகழ்வுகள் நூற்றுக்கு 7.4 பங்கு மிகுந்தன. முதல் ஐந்து ஆண்டுகளிலேயே தொடங்கிய இம்மிகுதி இருபது ஆண்டுகளின் பின்னும் நீடித்தது. நாற்பதாண்டுக்கு முன் எழுதிய சிகிச்சைத் தாள்களைப் பேணிய எழுத்தர்கள் தாம் எதற்குச் சான்று சேர்த்தனர் என்பதை அறிந்திரார். அவர்களின் ஒழுங்கே இக்கண்டுபிடிப்பின் அடித்தளமாகும்.

இச்சான்றுகளை நோக்கிய சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணைக்குழு, குருதிச் சுற்றோட்ட நோய்க்கு 0.5 கிரேயைக் கவனத்துக்குரிய எல்லையாக 2012ஆம் ஆண்டு அறிக்கையிற் குறித்தது. அதற்குக் கீழான அளவுகளிலும் இடர் உண்டோ என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கின்றது.

கடற்கரை மக்களுக்குரிய பாடம்

இவ்வறிவைக் கொண்டு மொனசைற்றுக் கரையை நோக்குதல் வேண்டும். கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆங்குக் கரையோரப் பஞ்சாயத்துக்களில் ஆண்டுக்கு 4 மில்லிகிரேக்கு மேலும், சில இடங்களில் 70 மில்லிகிரே வரையும் கதிர் அளக்கப்பட்டது. திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் நிலையத்தார் 1990களில் வீடுவீடாகச் சென்று மக்களைப் பதிந்தனர். அவர்களுள் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கண்காணித்து, கதிரின் அளவுக்கு ஏற்பப் புற்றுநோய் மிகவில்லை என 2009இல் அறிவித்தனர்.

எளிய கணக்கொன்று ஈண்டுப் பயன்படும். ஆண்டுக்கு 4 மில்லிகிரே வீதம் அறுபது ஆண்டுகள் வாழ்ந்தவர் ஏற்பது 240 மில்லிகிரே, அஃதாவது 0.24 கிரே. மேற்கூறிய எல்லையில் அது பாதிக்குங் குறைவு. அன்றியும் அது வாழ்நாள் முழுவதும் சிறிது சிறிதாக வருவது. குண்டிலிருந்து ஒரு கணத்தில் வந்த கதிரோடு அதனை ஒப்பிடுதல் ஆகாது. புல்மோட்டை மணலில் மொனசைற்றின் பங்கு மிகச் சிறிது. ஆகவே கரையில் நடப்போரும் அரிசிமலையின் மணலை அள்ளி விளையாடும் சிறாரும் இதயத்தை நினைந்து அஞ்ச வேண்டியதில்லை.

தொழிலாளர் நிலை சற்று வேறு. காந்தத்தாலும் மின்னாலும் இல்மனைற்றையும் உரூத்தைலையும் பிரித்தெடுக்கும்போது எஞ்சும் பகுதியில் மொனசைற்று செறிவடைகின்றது. உலர்ந்த மணலின் நுண்டூசி மூச்சுவழி உட்சென்றால், உடலுக்கு வெளியே தோலைக் கடக்க இயலாத அல்பாக் கதிரும் உள்ளிருந்து நுரையீரற் கலங்களைத் தாக்கும். எனவே தூசியை அடக்குதல், முகமூடி அணிதல், எஞ்சிய மணலை ஒதுக்கிக் காத்தல், ஒவ்வொருவரும் ஏற்ற அளவை அளத்தல் ஆகியன எந்நாட்டுக் கனிய மணற் சாலைக்கும் இன்றியமையாதன. அளந்ததை எழுதி வைத்தல் அவற்றினும் இன்றியமையாதது. போராலும் இடப்பெயர்வாலும் 2004 திசெம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையாலும் ஏடுகளையும் மக்களையும் இழந்த மாவட்டம் இது. இங்கே ஒரு தொழிலாளியின் இருபதாண்டுப் பதிவைப் பேணுதல் எளிய காரியமன்று. ஆயினும் அது பேணப்படாவிடின் அவர் நெஞ்சு நோவுக்குக் காரணம் கதிரோ, புகையோ, நீரிழிவோ எனப் பின்னர் எவராலும் கூற இயலாது. உரிய ஈட்டுத்தொகை பெறவும், இல்லாத அச்சத்தை நீக்கவும் சான்று வேண்டும்.

மருத்துவத்தின்பாலும் ஒரு பாடம் உண்டு. இம்மாவட்டத்து மக்களிற் கதிருக்குப் பேரளவில் உட்படுவோர், புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மகரகமைக்கும் தெல்லிப்பழைக்கும் பிற ஊர்களுக்குஞ் செல்லும் நோயாளரே. அவர்கள் மேற்கூறிய எண்களைக் கண்டு சிகிச்சையை மறுத்தல் பெருந்தவறாகும். புற்றுநோயிலிருந்து கிடைக்கும் மீட்சி, இதயத்துக்குரிய இடரினும் பன்மடங்கு பெரிது. மேலும், இக்காலத்துக் கருவிகள் கதிரின் பாதையைக் குறுக்கி இதயத்தைத் தவிர்க்கின்றன. இடமார்புக்குக் கதிர் செலுத்தும்போது ஆழ மூச்சிழுத்து அடக்கினால், நுரையீரல் விரிந்து இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகும்; அதனால் இதயம் ஏற்கும் அளவு குறையும். நோய் நீங்கியவர் செய்ய வேண்டுவன சில: சிகிச்சைத் தாள்களைக் காத்தல், பத்தாண்டின் பின் வேறு மருத்துவரிடஞ் சென்றாலும் முன்னர் நெஞ்சிற் கதிர் பெற்றதைக் கூறுதல், புகையை விலக்குதல், குருதியமுக்கத்தையும் கொழுப்பையும் சோதித்தல்.

முடிவுரை

இதயத்தைப் பற்றிய பழைய கொள்கை அறிவிலாரால் வகுக்கப்பட்டதன்று. நல்ல சோதனையிலிருந்து பெற்ற விதியை, சோதிக்காத உறுப்புக்கும், நோக்காத காலத்துக்கும் விரித்ததே அதன் குறை. அதனைத் திருத்தியவர் ஆய்வுகூட அறிஞர் மட்டுமல்லர். மருத்துவமனை எழுத்தரும், ஹிரோஷிமாவில் வீடுவீடாகச் சென்று வினவியோரும், கருநாகப்பள்ளியில் மக்களைப் பதிந்தோரும் அதில் பங்குடையர். வரலாறு என்பது அரசரின் ஆண்டுகளையும் போர்களையும் மனனம் செய்தல் என எண்ணும் மாணவர்க்கு இது நல்ல விடை. ஆண்டும் பெயரும் அளவும் பிழையின்றிக் குறித்து வைக்கும் பழக்கம் கல்வெட்டை ஆராய்தற்கு உதவுவது போலவே, மனிதனின் நெஞ்சைக் காத்தற்கும் உதவுகின்றது. இம்மாவட்டத்திலிருந்து மருத்துவராகவும் பொறியியலராகவும் தொழிற்சாலை அலுவலராகவும் செல்லும் மாணவர் அப்பழக்கத்தைத் தம்மோடு கொண்டு செல்வாராயின், புல்மோட்டை மணலின் எஞ்சிய வரலாறு அச்சத்தாலன்றிச் சான்றால் எழுதப்படும்.